இரண்டாம் வாசல்

வெயிலும் மழையும் தாராளமாகக் கிடைத்த குடைநாட்டில், குடிமக்கள் குடை பிடிக்க மட்டும் தடை இருந்தது. நாடே குடை விற்றுத்தான் பிழைத்தது. சரிகை வைத்து அரச முத்திரை பொறித்த குடைகளை நீள்மதில் நாட்டுப் பயணிகள் கப்பல் கப்பலாக வந்து வாங்கிப் போனார்கள். கண்டவர் கையிலும் குடை இருந்தால் மதிப்பு குறைந்துவிடும் என்பது அரசின் கொள்கை. நாட்டின் மதிப்பைக் காக்க மக்கள் நனைந்தார்கள்.

ஒரு வருடம் பயணிகள் வந்தார்கள், வாங்கவில்லை.

முத்திரை சிறிதாக இருப்பதே காரணம் என்று குடைத்துறை அமைச்சர் வீரசிகாமணி கண்டுபிடித்தார். முத்திரையைப் பெரிதாக்கினார்கள், குடை மடங்க மறுத்தது. விலையை இரட்டித்தார்கள், பயணிகள் விலையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகுதான் உண்மை புலப்பட்டது: கடை வாசலில் கூட்டம் இல்லை. வீட்டுக்கு ஒருவர் விடியல் முதல் அந்தி வரை கடை முன் வரிசையில் நிற்க வேண்டும் என ஆணை பிறந்தது. வரப்போகும் நெரிசலுக்காக இரண்டாம் வாசல் திறக்க, பக்கத்துப் பணியாரக் கடையை மாதக் கடைசியில் இடிப்பதென்றும் முடிவானது.

அந்தக் கடை பவளாயியுடையது. வீட்டில் அவள் ஒருத்திதான். மூன்று நாள் வரிசையில் நின்றாள். மூன்று நாளும் அடுப்பு எரியவில்லை. நான்காம் நாள் எல்லாருக்கும் முந்தி வந்து முதல் ஆளாக நின்றாள். அங்கிருந்து கை நீட்டினால் தன் அடுப்பு எட்டியது.

வாசனைக்கு அமைச்சரே ஓடி வந்தார்.

"ஏம்மா, நீ வரிசையில நிக்கணும்னு அரச ஆணை, தெரியுமா?"

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன் ஐயா. அடுப்புதான் உக்காந்திருக்கு."

அமைச்சர் ஆணையைப் பிரித்து இரண்டு முறை படித்தார். நிற்பவர் பணியாரம் சுடக் கூடாது என்று எங்கும் இல்லை. "காரம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

தட்டு கைமாறிப் பின்னால் போனது. கேலியும் பாட்டும் முன்னால் வந்தன. நீள்மதில் நாட்டு இளசுகள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் ஒட்டிக்கொண்டார்கள். பூரித்துப்போன அமைச்சர், லின் என்ற பெண்ணிடம் கேட்டார்: "எத்தனை குடை எடுக்கறதா உத்தேசம்?"

"குடையா? எங்கம்மாகிட்ட ஏழு இருக்கு சார். நனைஞ்சிடும்னு மழையில ஒண்ணக்கூட வெளிய எடுக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கும்மா நிக்கிற?"

"ஜாலியா இருக்கு. நாளைக்கும் நிக்கலாமா?"

அப்போது மழை பிடித்துக்கொண்டது. லின் பையிலிருந்து ஒரு குடையை எடுத்து விரித்தாள். முத்திரை இல்லை, சரிகை இல்லை, ஒழுகவும் இல்லை. "எங்க ஊர்ல செஞ்சது. உள்ள வாங்கக்கா" என்று பவளாயியை இழுத்துக்கொண்டாள். வரிசை நெடுகக் குடைகள் விரிந்தன. பிடித்தவர்கள் விருந்தாளிகள் என்பதால் சட்டம் மீறப்படவில்லை. குடைநாட்டார் முதன்முறையாக நனையாமல் நின்று மழையைப் பார்த்தார்கள்.

"வரிசை கோட்டை வாசலைத் தாண்டிவிட்டது, மகாராஜா!" என்றது அமைச்சரின் அறிக்கை. தன் குடையின் புகழைக் கண்ணால் காண, அரசர் கிரீடத்தைக் கழற்றிவிட்டு வந்து கடைசி ஆளாக நின்றார். அரை நாள் நகர்ந்து வாசலை எட்டியபோதுதான் கவனித்தார்: எல்லாரும் குடைக் கடை வரை வந்து இடப்பக்கம் திரும்பினார்கள். கல்லில் நெய் சீறியது. அரசரும் திரும்பினார்.

மறுநாள் முரசு முழங்கியது: குடைத் திட்டம் மகத்தான வெற்றி. நெரிசலைக் குறைக்க, குடைக் கடையை இடித்துப் பணியாரக் கடைக்கு இரண்டாம் வாசல் திறக்கப்படும். பணியாரத்தின் மதிப்பைக் காக்க, குடிமக்கள் இனி அதைத் தின்னக் கூடாது.

ஆணையைக் கையில் கொடுக்க வீரசிகாமணியே வந்தார். பவளாயி பணியாரத்தைத் திருப்பிப் போட்டபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"குடுங்க ஐயா, வாங்கிக்கிறேன். ஆனா வரிசையில வாங்க."

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். வரிசையின் முடிவு தெரியவில்லை. அது மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது.