ஆறாவது பியட் வேண்டாம், மச்சான்

லோத்குண்டா,
செகந்திராபாத்.
மார்கழி கடைசி வாரம்.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் சந்திரசேகரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் ஜெயச்சந்திரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், வசந்தி, உங்கள் மருமகன் ஸ்ரீகாந்த் மூவரும், முற்றத்தில் நிற்கும் ஐந்து பியட் கார்களும் சுகம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நாங்கள் மூவரும் சுகம். திருச்சியில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அக்கா சுமலதா சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய ஆவல். போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தால் வசந்தி பக்கத்தில் வந்து நிற்கிறாள். நீங்களோ அந்தப் பக்கம் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். நான் சொல்ல வந்தது அவள் காதில் விழக்கூடாத விஷயம் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன வாரம் நீங்கள் ஸ்ரீகாந்திடம், "என் ஷெட்டுல சும்மா நிக்குதுடா, என் பழைய பியட்டை நீ எடுத்துக்கோ" என்று சொன்னீர்களாம். தாய்மாமன் பாசத்தில் சொன்னீர்கள், தெரியும். தயவுசெய்து அதை அனுப்ப வேண்டாம். பையனுடைய கல்யாணமே அதில் தொங்குகிறது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வந்தது வெள்ளை பியட். காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்த கையோடு வாங்கினான். இளவயது ஆசை, ஒரு கார்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அதற்கு ஏதோ ஒரு சாமான் கிடைக்கவில்லை என்று லாலாகுடாவில் ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸில் நின்றிருந்த பச்சை பியட்டை இழுத்துக்கொண்டு வந்தான். "இது பார்ட்ஸுக்காகப்பா, நாளைக்கே பிரிச்சுடுவேன்" என்றான். மறுநாள் பிரிக்க உட்கார்ந்தவன் கதவைத் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, "இதப் போயி பிரிக்கிறது பாவம்ப்பா, பாடி கல்லு மாதிரி இருக்கு" என்று எழுந்துவிட்டான். ஆக, பச்சையையும் ஓட வைத்தாக வேண்டும். பச்சைக்கு உதிரிபாகம் வேண்டும் என்று நீலம் வந்தது. நீலத்தைப் பிரிக்க மனசு வராமல் சாம்பல் நிறம் வந்தது. சாம்பலுக்காகக் கறுப்பு. ஒவ்வொன்றும் இன்னொன்றுக்காக உயிரைக் கொடுக்கத்தான் வந்தது, வந்ததெல்லாம் உயிர்ப்பிச்சை வாங்கிக்கொண்டு முற்றத்தில் நிற்கிறது. இப்போது ஊரில் எவன் வீட்டில் பழைய பியட் செத்துக்கிடந்தாலும் முதலில் இவனுக்குத்தான் போன் வருகிறது, இவனுக்கு முடியாது என்று சொல்ல வாய் வருவதில்லை.

ஐந்து காருக்கும் சேர்த்து நல்ல பேட்டரி ஒன்றே ஒன்று. எதைக் கிளப்பிப் பார்க்க வேண்டுமோ அதில் தூக்கி வைப்பான். டயர்களும் அப்படித்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு வெள்ளைக்கு அடியில் நுழைவான். ஏதோ ஒரு சாமான் இல்லை, நீலத்தில் இருக்கிறது என்று அங்கே போவான். அதைக் கழற்றும்போது நீலத்தில் ஒரு ஒழுகல் கண்ணில் படும். அதை அடைக்க ஒரு வாஷர் வேண்டுமே என்று கறுப்புக்குப் போவான். வசந்தி சாப்பிடக் கூப்பிடும்போது ஐந்துமே திறந்து கிடக்கும், ஒன்றும் முடிந்திருக்காது. கை முழுக்க வெட்டுக்காயம், பெட்ரோல் வாடை போகாமல் ஸ்பூனால் ரசம் சாதம் சாப்பிடுகிறான். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அந்த முகத்தைப் பார்த்ததும் "இன்னும் கொஞ்சம் அப்பளம் வேணுமாடா" என்றுதான் வருகிறது, மச்சான்.

ஆயுத பூஜை அன்று நடந்ததை வசந்தி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் தப்பு அவள் பேரில். ஐந்து வண்டிக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒவ்வொன்றும் பழத்தை நசுக்கியே தீர வேண்டும் என்று நின்றாள். ஓடாத வண்டி எப்படி நசுக்கும் என்றேன். தள்ளுங்கள் என்றாள். சக்கரமே இல்லாமல் செங்கல் மேல் நிற்கும் கறுப்புக்கு என்ன செய்வது என்றேன். செங்கல்லுக்கு அடியில் பழத்தை வைத்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேரை உள்ளே ஏற்றிக் குதிக்கச் சொன்னாள். அது நசுங்கிவிட்டது. அடுத்து பச்சை. ஸ்டீயரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும், வேலையில் இருந்த காலம் முழுக்க பஸ்ஸிலேயே போய் வந்தவன். பிரேக்கை மிதித்தால் நிற்கும் என்று சொன்னதை நம்பி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து தள்ளினார்கள், பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். வண்டி நிற்கவில்லை. நான் பிரேக்கை மிதிக்கிறேன், அது தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதனுடைய பிரேக் சிலிண்டரைக் காலையில்தான் ஸ்ரீகாந்த் கழற்றி வெள்ளையில் மாட்டியிருக்கிறான், அவசரத்தில் மறந்துவிட்டான். எங்கள் தெரு கன்டோன்மென்ட் பக்கம் சரிவு. மாலையும் வாழைக்கன்றுமாக நான் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறேன், கீழே மிலிட்டரி கேட்டில் நின்ற ஜவான் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குகிறார், வேறு வழி தெரியாமல் நானும் கையைத் தூக்கி வணக்கம் போடுகிறேன். நல்லவேளை, கேட்டுக்கு முன்னால் கொட்டியிருந்த மணலில் போய் வண்டி புதைந்து நின்றது. இன்ஜினை அணைக்கச் சொன்னார். இன்ஜின் இதில் இல்லை, எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் நம்பாமல் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வசந்தி வைத்த தேங்காய் மூடியும் பூவும்தான் இருந்தன. சுண்டல் கொடுத்தோம், சிரித்துவிட்டு அவரே இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்து மேடு வரைக்கும் தள்ளிக் கொடுத்தார்.

இனித்தான் முக்கியமான சமாசாரம். ஸ்ரீகாந்த் ஆபீஸில் அனுபமா என்று ஒரு பெண். சேலத்துக்காரர்கள், மௌலா அலியில் வீடு. இருவருக்கும் பிடித்துப்போய், தீபாவளி முடிந்ததும் அவள் அப்பா கணேஷ்குமார் அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். வசந்தி ஹாலில் இருந்த இன்ஜினுக்குப் பூப்போட்ட துணி விரித்து மேலே ஒரு பூச்சாடி வைத்திருந்தாள். அவரும் டீபாய் என்று நினைத்து அதன் மேல் காபி டம்ளரை வைத்துக் குடித்துவிட்டார். கை கழுவப் போன இடத்தில் சிங்க்கில் கார்புரேட்டர் ஊறிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது முற்றத்தில் நின்று, இதில் எது ஓடும் என்று கேட்டார். நம் பையனுக்குப் பொய் சொல்ல வராது. "எல்லாமே ஆல்மோஸ்ட் ரெடி, அங்கிள்" என்றான். அவர், "தம்பி, உங்க மேல எனக்கு ஒரு குறையுமில்ல. ஆனா எதையுமே முடிக்காத ஒருத்தருக்கு எப்படிப் பொண்ணக் குடுக்கிறது? பொங்கலுக்குள்ள ஒரு வண்டி எங்க வாசலுக்கு வரட்டும். தானா ஓடி வரட்டும். அப்புறம் பேசலாம்" என்றார். நியாயமான மனிதர், அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அனுபமா போகிற போக்கில் தரையில் கிடந்த ஒரு திருகாணியைக் குனிந்து எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதை அவன் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான்.

அன்றிலிருந்து வெள்ளையைக் கிளப்புவதுதான் வேலை. இதில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது, சொன்னால் சிரிக்காதீர்கள். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்பப் புகுந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவன் அடியிலிருந்து "மிதிங்க" என்பான், நான் "மிதிச்சாச்சு" என்பேன். "விடுங்க" என்பான், விடுவேன். ரிட்டையர் ஆனதிலிருந்து என்னை ஒரு வேலைக்கென்று கூப்பிட்டவர் யாருமில்லை, மச்சான். கரண்ட் பில் கட்டுவதைக்கூட அவன் போனிலேயே முடித்துவிடுகிறான். இதற்கு மட்டும் நான் வேண்டும். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். முகம் பார்க்காமல் இருப்பதால் அவனும் நிறையப் பேசுவான், ஆபீஸ், அனுபமா, எல்லாம் அந்த மிதிப்பதற்கும் விடுவதற்கும் நடுவில்தான் வெளியே வரும்.

நேற்றும் அப்படித்தான். மிதித்துப் பிடித்திருந்தேன். அடியிலிருந்து சொன்னான், "எல்லாத்தையும் காப்பாத்தணும்னு பார்த்தேம்ப்பா. ஒண்ணக்கூடக் காப்பாத்தல. நாலையும் பழைய இரும்புக்குக் குடுத்துடறேன். இத மட்டும் முடிக்கிறேன்."

இத்தனை நாள் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தும் அவன் "விடுங்க" என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். குரல் அவ்வளவு சோர்ந்து போயிருந்தது. ஆனாலும் எடுத்த முடிவு நல்ல முடிவு. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரும்பு வியாபாரி வருகிறார். இந்த நேரம் பார்த்து உங்கள் பியட் லாரியில் வந்து இறங்கினால் பையன் மனசு மாறிவிடுவான், கணேஷ்குமாரும் கதவைச் சாத்திவிடுவார். ஆகையால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், உங்கள் வண்டி உங்கள் ஷெட்டிலேயே இருக்கட்டும். தாய்மாமன் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான், ஒன்று போதும் என்று புத்தி சொல்லுங்கள். அண்ணன் பாசமாகக் கொடுப்பதைத் தடுத்தேன் என்று கோபப்படுவாள், அதனால் இதை நான் எழுதியதாக வசந்திக்குத் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. எல்லாரும் நோய் நொடி இல்லாமல் பால் பொங்குவது போல் பொங்கி இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஜெயச்சந்திரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். அதற்குள் பொங்கலும் வந்து போய்விட்டது, ஆகவே இதையும் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரும்பு வியாபாரி லாரியோடு வந்தார். ஸ்ரீகாந்த் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டான். "கௌன்சா லேஜானா, சாப்?" எதை எடுத்துப் போகட்டும் என்று கேட்டார். நான் வரிசையாகப் பார்த்தேன். வெள்ளையில் இப்போது இருக்கும் கார்புரேட்டர் பச்சையுடையது, டயர்கள் நீலத்துடையவை, விளக்கு சாம்பலுடையது, ரேடியேட்டர் கறுப்புடையது. இவ்வளவும் கொடுத்தவற்றை எந்த மனசோடு இரும்புக்கு அனுப்புவது? "நக்கோ, பாய்", எதுவும் வேண்டாம் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பொங்கலன்று வெள்ளை கிளம்பியது. அவன் ஓட்டினான், நான் பக்கத்தில். மௌலா அலி வரை சத்தியமாகத் தானாக ஓடியது. கணேஷ்குமார் தெருவின் மேட்டில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம், ஏறவில்லை. அவர் வாசலில் நின்று பார்த்தார், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பின்னால் கையைக் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் ஸ்ரீகாந்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். தானாக ஓடி வரவில்லையே என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அனுபமா சொன்னாள், "நீங்களே தள்ளிக்கிட்டு வந்துட்டீங்கப்பா. இனிமே எப்படித் திருப்பி அனுப்புவீங்க?" அவர் சிரித்துவிட்டார். அத்தோடு நிச்சயம், தையிலேயே. ஒரே ஒரு நிபந்தனை, ஸ்ரீகாந்த் இனி ஆறாவது கார் வாங்கக்கூடாது. அவனும் சாமி சத்தியமாக ஒப்புக்கொண்டான்.

என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. ஆகவே மச்சான், உங்கள் பியட்டை உடனே லாரியில் ஏற்றி என் பெயருக்கு அனுப்பிவையுங்கள். வசந்திக்குச் சொல்ல வேண்டாம். பார்ட்ஸுக்காக மட்டும்தான், வந்த மறுநாளே பிரித்துவிடுவேன்.