ரெக்சன் ரெஸ்யூமில் ஒரு வரி கூடுதல்

வேலை கிடைக்க வேண்டும் என்று ரெஸ்யூம் எழுதுகிறவர்கள் உலகத்தில் கோடிப்பேர். வேலை கிடைத்துவிடக் கூடாதே என்று ரெஸ்யூம் எழுதியவன் தூத்துக்குடி ரெக்சன் ஒருவன்தான்.

காரணம், மாமனார்.

ரெக்சன் குடியிருந்தது திரேஸ்புரத்தில், மாமனார் வீட்டு மாடியில். அவர் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது படகுக்குத்தான். அவர் கழுத்தில் தொங்கிய விசிலுக்குக் கிடைக்கவில்லை. விடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே நின்று ஒரு விசில் அடித்தால் மாப்பிள்ளை எழுந்திருக்க வேண்டும். இரண்டு அடித்தால் வாசலை மறிக்கும் பைக்கை நகர்த்த வேண்டும். மூன்று விசிலுக்கு என்ன பொருள் என்று ரெக்சனுக்கு இதுவரை தெரியாது. ஆனாலும் ஓடிவந்து நிற்பான். பெரிய பெரிய கப்பலையெல்லாம் கயிறு கட்டி இழுத்தவருக்கு ஒரு மாப்பிள்ளையை இழுப்பது என்ன பாரம்?

இந்த நேரத்தில் ரெக்சன் கணக்குப் பார்த்த ஷிப்பிங் ஏஜென்ஸியை மூடிவிட்டார்கள். ரெக்சன் அழவில்லை. ரகசியமாகச் சென்னையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டான். மேலே டை, கீழே கைலி என்று வீடியோவில் நேர்காணல் முடித்தான். ஆஃபரும் வந்துவிட்டது. விசில் சத்தம் கேட்காத தூரத்தில் ஒரு வாழ்க்கை! மனைவி ஆனியிடம் சொன்னான்.

"ஊர்ல வேலையே இல்லாத மாதிரி எதுக்கு மெட்ராஸ்?" என்றாள் ஆனி. "இனிகோ அண்ணாச்சி இறால் கம்பெனில ஃபைனான்ஸ் மேனேஜருக்கு ஆள் தேடுதாவ. மொதல்ல அங்க போட்டுப் பாருங்க. அவிய வேண்டாம்னு சொல்லிட்டா, நானே பெட்டியக் கட்டுதேன்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா. ஆனா அவிய எடுத்துக்கிட்டா, மெட்ராஸ்ங்கிற பேச்சு உங்க வாயில வரக்கூடாது."

"மாதா சத்தியமா வராது."

சத்தியம் செய்த பிறகுதான் ரெக்சனுக்குச் சிக்கல் உறைத்தது. இனிகோ அவனை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்ல வைத்தது அவன்தான் என்று யாருக்கும் தெரியக் கூடாது. ரெஸ்யூமைக் கேவலமாக எழுதலாமென்றால், ஆனியும் பி.காம். வரிக்கு வரி படிப்பாள்.

பழைய ஆபீஸ் நண்பன் சுடலைராஜுக்கு ஃபோன் போட்டான். சுடலைராஜ் இப்போது கோயம்புத்தூரில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தான்.

"ஏலே, என்ன வேணும்னாலும் எழுது. கையில வேற ஆஃபர் இருக்குன்னு மட்டும் எழுதிராத. இவன் நம்மள வச்சு அங்க பேரம் பேசப் பாக்கான்னு நெனைப்பானுவ. அன்னைக்கே குப்பையில போட்டுருவானுவ."

"நிச்சயமா போட்டுருவானுவளா?"

"கிழிச்சுப் போடுவானுவ."

ரெக்சன் அந்த நிமிடமே சுடலைராஜைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பான். கோயம்புத்தூரில் இருந்ததால் அவன் தப்பித்தான்.

ரெஸ்யூம் தயாரானது. ஆனி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள்.

"சுறுசுறுப்பானவர், தானாக முன்வந்து பொறுப்பேற்பவர்... இது யாருங்க?"

"நான்தான்."

"அப்படியா? நாலு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம், ஒரு வார்த்த சொல்லலியே." அடுத்த வரிக்குப் போனவள் நின்றாள். "இதென்ன? சென்னை நிறுவனத்தில் பணி வாய்ப்பு பெற்றுள்ளேன்னு போட்டிருக்கீங்க?"

"உண்மைதான ஆனி?"

"உண்மையெல்லாம் ரெஸ்யூம்ல எதுக்கு? எடுத்துருங்க. அண்ணாச்சி தப்பா நெனைப்பாவ."

"கணக்கு எழுதுதவன் ஒண்ணை மறைச்சா அது மோசடில்லா. நாளைக்கு நம்ம பிள்ளை கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"நமக்குப் பிள்ளையே இல்லியே."

"பொறந்து கேட்டா?"

"எடுத்துருங்கன்னு சொல்லுதேன்லா."

"முடியாது. நேர்மைன்னு ஒண்ணு இருக்கு."

ஆனி பெருமூச்சு விட்டாள். "சரி. உங்க இஷ்டம். ஆனா எழுதுததுதான் எழுதுதீங்க, அடியில பொடி எழுத்துல கெடந்தா யாரு நம்புவா? கம்பெனி பேரோட மேல போடுங்க."

இதைவிட நல்ல குழியை ரெக்சனே வெட்டியிருக்க முடியாது. பெயருக்கு அடுத்த வரியாகத் தடித்த எழுத்தில் போட்டான். ஆனி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் தடதடவென்று உருண்டன. கோபம்தான் என்று முடிவுகட்டினான். சிரிப்பை மறைக்கவும் பாத்திரம் உருட்டலாம் என்பது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் மாலையே இனிகோ ஆபீசில் இருந்து அழைப்பு. வேண்டாம் என்பதை நேரிலேயே சொல்லப் போகிறார், பெரிய மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டே போனான்.

இனிகோ இன்றைக்கு ஜப்பானுக்கு இறால் அனுப்புகிறார். ஆனால் தொழில் கற்றது திரேஸ்புரம் கரையில், மீன் ஏலத்தில். அந்த ஏலத்திலும் அவருக்கென்று ஒரு வழி உண்டு. தானாக ஒரு கூடையைக் குனிந்து பார்க்கமாட்டார். விவரமான வியாபாரி ஒருவன் எந்தக் கூடைமேல் கண் வைக்கிறானோ, அதைக் கூட்டிக் கேட்பார். மீனை அவன் பார்த்துவிட்டான், இனி அவனைப் பார்த்தால் போதும் என்பது கணக்கு. இப்படியே கேட்டுக் கேட்டு நான்கு மாடி கட்டிவிட்டார்.

ரெஸ்யூமின் மற்ற பக்கங்களை அவர் புரட்டவே இல்லை. அந்த ஒரு வரியில் விரலை வைத்தார்.

"மெட்ராஸ்காரன் கேட்டிருக்கானா?"

"ஆமா அண்ணாச்சி. அனேகமா போயிருவேன்."

"என்ன குடுக்கேங்கான்?"

ரெக்சன் வேண்டுமென்றே கூட்டிச் சொன்னான்.

"அதுக்கு மேல நான் தாரேன்."

"எனக்கு இறால் ஒத்துக்காது அண்ணாச்சி. தடிச்சிரும்."

"கணக்கு எழுதத்தான வாரீரு, திங்கவா வாரீரு? காரும் தாரேன்."

"நான் கொஞ்சம் சோம்பேறி."

இனிகோ சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு ரசனை தெரிந்தது. "ஏலத்துல வாங்க வந்தவன்தான் மீனைக் கொறை சொல்லுவான். தன்னைத்தானே கொறை சொல்லுத மீனை இன்னைக்குத்தான் பாக்கேன். பிடி குடுக்காம வெலைய ஏத்துதீரு, என்னவே? இப்படி ஒரு ஆளுதான் என் கணக்குக்கு வேணும். மூணு வருசம் பாண்டு, நடுவுல போக முடியாது. கையெழுத்தப் போடும்."

மாதா மேல் செய்த சத்தியம் பேனா வடிவத்தில் வந்து நின்றது. போட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ஆனி கணவாய் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிருச்சுல்லா?" நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீதான எழுதாதீங்கன்னு சொன்ன?"

"எழுதுங்கன்னு சொல்லிருந்தா எழுதிருப்பீங்களா?"

ஆனி அடுத்த கணவாயைக் கையில் எடுத்தாள்.

"இனிகோ அண்ணாச்சி சோபா வாங்குனதே பக்கத்து வீட்டுக்காரரு வெல கேட்ட கடையிலதான்" என்றாள் அவள். "திரேஸ்புரத்துல பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க ஹார்பர் குவார்ட்டர்ஸ்ல வளந்தவிய. மீனு உங்க வீட்டுக்குக் குழம்பாத்தான வந்திருக்கு?"

ரெக்சன் நாற்காலியில் விழுந்தான். மெதுவாக மனத்தைத் தேற்றிக்கொண்டான். சென்னை போனால் போகட்டும். இறால் கம்பெனி ஊருக்கு வெளியே இருக்கிறது. காலையில் போனால் இருட்டித்தான் வர வேண்டும். அவ்வளவு நேரமும் விசில் கிடையாது. மாடிப்படி கிடையாது. ஏசி அறை, சுழல் நாற்காலி. நினைக்க நினைக்க முகம் தெளிந்தது.

"பரவாயில்ல ஆனி, நல்ல வேலைதான்" என்றான் தாராளமாக. "பகல் பூரா நிம்மதியா இருக்கலாம்."

ஆனி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவும் வீட்டுல சும்மாதான இருக்காவ? ஹார்பர்ல அவியள ஒருத்தர் வேலைக்குக் கேக்காருன்னு அண்ணாச்சி காதுல ஒரு வார்த்த போட்டு வச்சேன். திங்கக்கெழமையில இருந்து, உங்க இறால் கம்பெனி மெயின் கேட்டுல காவலுக்கு அப்பாதான்."