சாயர்புரத்தில் கடல்

பட்டியல் போடாமல் நான் எதையும் செய்வதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு செயலி எந்தெந்த விதங்களில் சொதப்பும் என்று முன்கூட்டியே யோசித்து வரிசையாக எழுதுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. ஊருக்குக் கிளம்ப ஒரு பட்டியல், ஊரிலிருந்து திரும்ப ஒரு பட்டியல், பட்டியல்களை மறக்காமல் எடுத்துக்கொள்ள ஒரு பட்டியல். (சிரிக்காதீர்கள். மூன்றாவதுதான் அதிகம் பயன்பட்டிருக்கிறது.)

அப்படிப்பட்ட நான்தான், நாற்பத்தியொரு வரிகள் கொண்ட பட்டியலோடு கிளம்பிப் போய், அத்தானின் புதுக் காரைக் கடலுக்குள் நிறுத்தினேன்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். தூத்துக்குடியில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். பைப், ஆணி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் விற்பவர். கடல் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைத் தினமும் கண்ணால் பார்ப்பவர். அந்தக் காரை வாங்கி அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்குக்கூட அதில் போகமாட்டார். கடை துறைமுகச் சாலையில் இருக்கிறதாம், காற்று ஒத்துக்கொள்ளாதாம்.

எனக்குப் புகைப்படப் பித்து பிடித்து அப்போது இரண்டு வருடம். நண்பர்களோடு போய்ப் படம் எடுப்பதில் வெறுத்துப்போயிருந்தேன். ஒரு கொக்கு கழுத்தைத் திருப்பட்டும் என்று இருபது நிமிடம் மூச்சடக்கிக் காத்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல், "சாப்பாடு எப்போ?" என்று கேட்கும். கொக்கு போய்விடும். ஆகவே தனியாக ஒரு பயணம், நானே ஓட்டி, நானே நிறுத்தி, நானே கிளம்பி. தூத்துக்குடியிலிருந்து வடக்கே கடற்கரையை ஒட்டி வேம்பார் வரை போய்வருவது திட்டம். சில மணி நேரப் பயணம்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பெண் தனியாகப் பக்கத்துத் தெருவுக்குப் போவதே தேசாந்திரம். அம்மா தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "ஒரு தடவ போய்ட்டு வா. ஏதாவது ஆச்சுன்னா அதோட சரி. பிறகு கேமராவத் தூக்கிட்டுத் தனியா எங்கயும் போகக்கூடாது."

அக்கா வீட்டில் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அத்தானிடம் சாவி கேட்டேன்.

"எங்கன போற?"

"சாயர்புரம் அத்தான். பழைய காலேஜ் கட்டடம் எடுக்கணும்."

இந்தப் பொய்யை எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். சாயர்புரம் உள்ளே தள்ளி இருக்கிறது, கடல் கிடையாது, அவ்வளவுதான் காரணம். அத்தான் முகம் மலர்ந்தது. உடனே எழுந்துபோய்த் துருப்பிடித்த கீல் ஒன்றை எடுத்து வந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதப் பாரு. கடக்கரப் பக்கம் ஒரு வீட்டுக் கதவுல கெடந்தது. ரெண்டே வருஷம். உப்புத் தண்ணி பட்டா கார் அடியெல்லாம் இப்படித்தான் அப்பளமா நொறுங்கும். சாயர்புரம்னா தாராளமாக் கொண்டுபோ."

"சாப்புடுத எடத்துல துருவக் கொண்டாந்து வைக்கியளே" என்று அக்கா கத்தினாள். கீல் அகற்றப்பட்டது. சாவி கிடைத்தது. கடற்கரையைப் பற்றிக் கேட்க வேண்டிய எதையும் இனி அந்த வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது என்பது மட்டும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு விடியுமுன் கிளம்பினேன். அந்த முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் புகழ்வேன். இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் நிறுத்தினேன். ஒரே உப்புக் குவியலைப் பதினெட்டுப் படம் எடுத்தேன். யாரும் சாப்பாடு கேட்கவில்லை. தருவைகுளம் வருவதற்குள் எட்டு இடத்தில் நிறுத்தியிருந்தேன். உலகத்தில் இதைவிடச் சந்தோஷம் இருக்க முடியாது என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். காருக்குள் தனியாக இருந்தால் இதெல்லாம் சொல்லலாம்.

பட்டியலில் பதினேழாவது வரி: தருவைகுளம், வள்ளங்கள் கரை திரும்புதல், மீன் ஏலம், கூட்டம். போய்ப் பார்த்தால் ஒரு மனிதர் இல்லை. வள்ளங்கள் எல்லாம் நங்கூரமிட்டும் கரையேறியும் வரிசையாக நின்றன. சோதனைப் பிரிவில் இருக்கும் எவருக்கும் 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்ற கேள்வி அந்த இடத்தில் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு: 'ஆகா, குறுக்கே யாருமே இல்லை!'

சாலைப் பயணம் என்றால் படத்தில் கார் இருக்க வேண்டாமா? மீன் வண்டிகள் இறங்கும் சரிவு வழியாக மெதுவாக மணலில் இறக்கினேன். ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய், காரின் முகம் தண்ணீரில் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். கடல் ஏற்றத்தையும் செயலியில் பார்த்து வைத்திருந்தேன். உச்சம் மதியம் என்றது. மதியம் உச்சத்துக்கு வரும் தண்ணீர் காலையிலேயே கிளம்பிவிடும் என்று அது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது காரின் முன்சக்கரங்கள் தண்ணீரில் நின்றன. பதறாதே என்று எனக்கு நானே கட்டளையிட்டு, ஏறி உட்கார்ந்து, பின் கியர் போட்டு மிதித்தேன். சக்கரம் சுற்றியது. கார் பின்னால் போகவில்லை, கீழே போனது. இறங்கிப் பார்த்தேன். காருக்குள் கிடந்த மிதியடியை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து மறுபடி மிதித்தேன். மிதியடி ராக்கெட் மாதிரி பறந்து கடலில் விழுந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்துவிட்டேன், ஆனால் என் இடது செருப்பு சேற்றுக்குள் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சக்கரத்தில் ஐந்து நட்டுகள். கீழ் நட்டு நனைந்தபோது மணி ஏழு ஐந்து. அடுத்த இரண்டும் நனைந்தபோது ஏழு பதினைந்து. இந்த வேகத்தில் எத்தனை மணிக்குக் கதவுக்கு வரும், எத்தனை மணிக்கு இருக்கைக்கு வரும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அந்தத் துருப்பிடித்த கீல் கண்முன்னே வந்து நின்றது. அத்தானை அழைத்தால் சாயர்புரம் என்ன ஆவது? அழைக்காவிட்டால் கார் என்ன ஆவது? இரண்டில் எது நடந்தாலும் அம்மாவின் தீர்ப்பு உறுதி. என் முதல் தனிப்பயணமே கடைசிப் பயணம்.

சரிவின் மேலே, பட்டுச் சேலையும் தலையில் முக்காடுமாக ஓர் அக்கா வேகுவேகென்று நடந்து போய்க்கொண்டிருந்தார். "அக்கா! அக்கா!" என்று ஓடினேன்.

நின்று என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "ஏளா, காரக் குளிப்பாட்டவா கொண்டாந்த?"

"மாட்டிக்கிடுச்சுக்கா. ஆளுங்க யாருமே இல்லையே?"

"ஞாயித்துக்கெழம கடக்கரையில யாரு இருப்பா? இன்னைக்குத் தொழிலுக்கே போவமாட்டாவ. எல்லாரும் பூசையில நிக்காவ. நானே பிந்திப்போச்சுன்னு ஓடுதேன். வா, கோயில்ல வந்து சொல்லு."

நாற்பத்தியொரு வரிகள். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள் என்ற ஒரு வரி இல்லை. தூத்துக்குடியில் பால்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். அத்தானைக் கேட்டிருந்தால் கீலோடு வந்து சொல்லியிருப்பார்.

"தலையில எதயாவது போட்டுக்க பிள்ள" என்றார் அந்த அக்கா. காரிலிருந்து கையில் அகப்பட்டது அத்தான் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி. அதைப் போட்டுக்கொண்டேன். முழங்கால் வரை சேறு, ஒற்றைச் செருப்பு, கழுத்தில் கேமரா, தலையில் மஞ்சள் துணி. ஓடினோம். தேவாலய வாசலில் அந்த அக்கா பெண்கள் பக்கம் ஒதுங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். நான் நேராக நடுவழியில் போய்விட்டேன்.

உள்ளே ஃபாதர் ஒலிபெருக்கியில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பது வழக்கம். அன்று ஒரு ஜோடிக்கு மூன்றாவது ஓலை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான்:

"இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

"ஃபாதர்!" என்று கத்தினேன்.

கோயில் அப்படியே உறைந்தது. நானூறு தலைகள் திரும்பின. விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. மேலே சுற்றிய மின்விசிறிகள்கூடக் கொஞ்சம் தயங்கின என்றுதான் எனக்கு ஞாபகம். ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்து என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

"என்னம்மா? தடை இருக்கா?" ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது.

நான் மூச்சு வாங்கினேன். பேச்சு வரவில்லை. அந்த அமைதியில் மூன்றாவது வரிசையில் ஒரு வாட்டசாட்டமான இளைஞர் எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சத்தியமா இந்தப் புள்ளய நான் பாத்ததே இல்ல ஃபாதர்!"

"ஏலே, பாக்காமலா தேடி வந்திருக்கு?" என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். பெண்கள் பக்கம் ஒரு அம்மாள் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தார். அவர்தான் பெண்ணின் தாயார். கல்யாணப் பெண் அழவில்லை. எழுந்து நின்று மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலில் நின்ற காரைவிட அந்த மாப்பிள்ளை அப்போது அதிக ஆபத்தில் இருந்தார்.

அடுத்தவர் வாழ்க்கை நட்டு நட்டாக மூழ்குவதைப் பார்த்ததும்தான் எனக்குக் குரல் வந்தது. "ஐயோ, கல்யாணத்துக்கு இல்ல ஃபாதர்! கார்! அத்தானோட கார் கடலுக்குள்ள நிக்கி! தண்ணி ஏறுது!"

கோயிலே அதிரும்படி சிரிப்பு. ஃபாதர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு முகத்தைத் திருத்திக்கொண்டு, "தடை ஒன்றும் இல்லை" என்று முறைப்படி அறிவித்தார். "ஆசீர்வாதம் வாங்கிட்டு ஆம்பளையாள் எல்லாம் கடற்கரைக்குப் போங்க. யாராவது வடத்த எடுத்துக்கோங்க."

அந்த ஆசீர்வாதம் இரண்டு நிமிடம்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடம் வந்ததில்லை. மனதுக்குள் நான்காவது நட்டு நனைந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்ததை எழுதினால் நம்பமாட்டீர்கள். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் தண்ணீரில் இறங்கினார்கள். வள்ளம் இழுக்கிற வடத்தைக் காரின் பின்கொக்கியில் மாட்டினார்கள். முன்னால் நின்றவர் மாப்பிள்ளை.

"ஏலே, உன் கல்யாணத்தையே இழுக்கிற மாதிரி இழுல!"

"பேசாம இழுங்க மாமா. நானே இங்க பாதி உசுருல நிக்கேன்."

ஏலோ ஐலசா என்று மூன்று முறை. நான்காவதில் கார் சேற்றிலிருந்து ஒரு பெருமூச்சோடு வெளியே வந்தது. பம்பரில் ஒரு கொத்துக் கடல்பாசி தொங்கியது. திறவுகோலைத் திருப்பினேன். முனகி, இருமி, ஓடியது. நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். கல்யாணப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான அழுக வரணும்? நீங்க ஏன் அழுதீய? எந்திரிங்க, எங்கள ஒரு போட்டோ எடுங்க."

எல்லோரும் கூடிவிட்டார்கள். நடுவில் கார், அதன் இரண்டு பக்கமும் பெண்ணும் மாப்பிள்ளையும், பூசை உடையோடு ஃபாதர், பட்டுச் சேலைகள், நனைந்த வேட்டிகள், பின்னால் கடல். முக்காலியை நட்டு, கேமரா தானாகப் படம் எடுக்கப் பத்து நொடி வைத்துவிட்டு நானும் ஓடிப்போய் நின்றேன். முன்னால் நிற்பவர் முதல் கடைசித் தோணி வரை எல்லாம் துல்லியமாக விழும்படி அமைத்திருந்தேன். இதில் மட்டும் நான் தவறு செய்வதில்லை.

வேம்பார் போகவில்லை. வழியில் வண்டி கழுவும் இடத்தில் நிறுத்தி, நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தை மூன்று முறை கழுவச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து புதுப் பட்டியல் போட்டேன்: பாசி, மணல், மிதியடி, சிப்பி, மஞ்சள் துணி. ஒவ்வொன்றாக அழித்தேன். மாலையில் அத்தான் காரைச் சுற்றி வந்து, "பரவால்லியே, கழுவியே கொண்டாந்துட்டா" என்று அக்காவிடம் பெருமைப்பட்டார். செருப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குற்றத்தில் ஓட்டையே இல்லை.

நன்றி சொல்ல வேண்டுமே என்று அந்தப் படத்தை ஃபாதருக்கு அனுப்பினேன். முழுத் துல்லியத்தோடு.

ஜனவரி இரண்டாம் தேதி அத்தானிடமிருந்து அழைப்பு. குரல் மிக மிக அமைதியாக இருந்தது.

"ஏ பிள்ள, ஒரு சந்தேகம். தருவைகுளத்துல இருந்து ஆணி வாங்க வார அண்ணாச்சி ஒருத்தர் கடைக்கு ஒரு தினசரிக் காலண்டர் குடுத்துட்டுப் போனாவ. கோயில் காலண்டர். அட்டையில பெரிய போட்டோ."

நான் கணினியில் அந்தப் படத்தைத் திறந்தேன்.

"போட்டோ ரொம்பத் தெளிவா இருக்கு. நம்பர் பிளேட்டக் கடைக்கு வெளிய நின்னே வாசிக்கலாம். பம்பர்ல பாசி தொங்குது. நடுவுல நம்ம கண்ணாடி தொடைக்கித மஞ்சத் துணியத் தலையில போட்டுக்கிட்டு ஒரு பிள்ள சிரிக்கி. சந்தேகம் என்னன்னா, சாயர்புரத்துக்கு எப்பம் கடல் வந்துச்சு?"

அன்று மாலைக்குள் அம்மா, அக்கா, சித்தி, சித்தியின் நாத்தனார் வரை செய்தி போய்விட்டது. என் தனிப்பயணங்கள் ஓராண்டு நின்றன. பிறகு அத்தானே அம்மாவிடம் பேசினார். காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாராம், துரு இல்லையாம். "கழுவத் தெரிஞ்ச பிள்ள. போகட்டும்" என்றாராம்.

எங்கள் குடும்பத்தில் யாராவது எங்கே போகிறேன் என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் போதும், "சாயர்புரமா?" என்று உடனே யாராவது கேட்டுவிடுவார்கள். காலண்டரில் தாள்கள் தீர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அட்டை மட்டும் கல்லாவுக்கு மேலே அதே ஆணியில் தொங்குகிறது. நான் எடுத்த படங்களில் இதுவரை சுவரில் ஏறியது அது ஒன்றுதான்.

என் பட்டியலில் இப்போது நாற்பத்திரண்டு வரிகள். சாவி கேட்டால் அத்தான் கொடுத்துவிடுவார். நான் சாவியைப் பிடித்த பிறகும் ஒரு நொடி மட்டும் தன் பிடியை விடமாட்டார்.

"இது எந்தச் சாயர்புரம்?"