வண்டி வீட்டுக்குப் பால் காய்ச்சிய கதை

எனக்கு ஓட்டைகளைக் கண்டால் ஆகாது. பெருமையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கிறேன். காலண்டர் தாளுக்கு ஈரக்காற்று எமன். மழை நாளில் ஒரு ஜன்னல் அரை அங்குலம் திறந்திருந்தால் போதும், அடுக்கி வைத்த தாளெல்லாம் காலையில் அப்பளமாகச் சுருண்டிருக்கும். அதை மெஷினில் ஏற்றினால் முருகன் ஒரு பக்கம் நிற்பார், அவருடைய சிவப்பு வேட்டி இன்னொரு பக்கம் நிற்கும். ஆகவே முப்பது வருடமாக நான் எதையாவது அடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

என் மனைவி தனலட்சுமி நேர் எதிர். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். (பெண்ணாக இருந்தாலும் பதவிக்கு அதுதான் பெயர். மாற்றச் சொல்லி நான் ஒருமுறை ஆலோசனை சொன்னேன். "உங்க வேலையப் பாருங்க" என்று பதில் வந்தது.) அவள் தொழிலில் எல்லாம் திறந்திருக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. எதிரெதிரே கதவு வேண்டும், அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வழியில் ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது. வீட்டிலும் அதே சட்டம்தான். நான் சாத்துவேன், அவள் திறப்பாள். இருபத்திரண்டு வருட இல்லறத்தின் சுருக்கம் இது.

இந்த இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஊர்சுற்றப் போனதே இல்லை. தீபாவளி முடிந்தால் அவளுக்கு ஒரு மாதம் லீவு. எனக்கோ அப்போதுதான் காலண்டர் சீசன் கழுத்தைப் பிடிக்கும். போன வருடம் என் தம்பி, "அந்த மாசம் அச்சகத்தை நான் பாத்துக்கிடுதேன், நீங்க மதினியக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றான். எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு முடிவெடுக்கக் கூடாது என்று அப்போது தெரியவில்லை. ரயில் டிக்கெட் எடுப்பதற்குப் பதிலாக, பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கினேன்.

சின்ன வேன். பதினைந்து வயது. உள்ளே மேசையாக மடிகிற கட்டில், கைக்குட்டை அகலத்துக்கு ஒரு தொட்டி, இரண்டு பர்னர் அடுப்பு, சிலிண்டருக்குத் தனி அலமாரி. விற்றவர் கொடைக்கானலில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர். இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்துவிட்டுத்தான் போனேன். இந்த வகை வண்டிக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி, சுவரை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும், மெத்தென்றிருந்தால் உள்ளே பலகை ஊறிப்போயிருக்கிறது என்று படித்திருந்தேன். அமுக்கினேன். விரல் உள்ளே போய்விட்டது.

"பார்த்தீங்களா, சுவரு எவ்வளவு லேசு! மைலேஜுக்கு நல்லது" என்றார் பேராசிரியர்.

நானும் அறிவாளிபோலத் தலையாட்டினேன். கிளம்பும்போது, "சிலிண்டர் அலமாரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "எல்லாம் படிச்சிருக்கேன் சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக முட்டாள்தனமான வாக்கியங்களில் இதற்கு முதல் மூன்று இடங்களுக்குள் ஓர் இடம் உண்டு.

வரும் வழியில் சூலக்கரையில் டீக்கு நிறுத்தினேன். வண்டி வெள்ளையாக, பக்கவாட்டில் சின்ன ஜன்னலோடு இருந்ததால் சர்க்கார் வண்டி என்று நினைத்து ஒரு பெரியவர் ஓடிவந்து முதியோர் பென்ஷன் மனுவை நீட்டினார். இது வீடு என்றேன். "வீட்டுக்கு மனு எங்கன குடுக்கணும்?" என்றார். கலெக்டர் ஆபீசுக்குக் கையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்ததும் தனலட்சுமி சத்தம் போடவில்லை. ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"எத்தன கதவு?"

"பக்கத்துல ஒண்ணு. பின்னாடி பெரிய ஜன்னல்."

"சரி, ரிப்பேர் பண்ணுங்க. முடிச்சதும் நான் பாப்பேன். எனக்குத் திருப்தியா இருந்தா வாரேன். இல்லையா, நீங்களே தனியாப் போய்ட்டு வாங்க, நான் அந்த ஒரு மாசமும் தூங்குதேன்."

வேலையில் இறங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒரு பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு குழாய். குழாய் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் இன்னொரு பலகை. யாரோ ஒருவர் பென்சிலால் எழுதிய அளவுகள், ஒரு குழந்தையின் கொலுசு, 'இதைத் தொடாதே' என்று ஆங்கிலத்தில் ஒட்டிய சீட்டு. (தொட்டேன். முன்விளக்கு அணைந்தது.) ஊறிய பலகைகளைப் பிடுங்கி ஆசாரியை வைத்துப் புதிது போட்டேன். பிறகு என் தனித்திறமைக்கு வந்தேன், அதாவது அடைப்பதற்கு.

கூரையில், ஜன்னல் ஓரத்தில், வயர் நுழைகிற இடத்தில், எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் சிலிக்கான் பசையைப் பிதுக்கினேன். கதவைச் சுற்றித் தடிமனான ரப்பர் பட்டை ஒட்டினேன். சாத்தினால் திறக்க இரண்டு ஆள் வேண்டும், அப்படி ஒரு இறுக்கம். கடைசியாக சிலிண்டர் அலமாரியைத் திறந்தால், தரையில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்கு இரண்டு ஓட்டைகள்! கீழே ரோடு தெரிகிறது. இப்படியும் ஒரு மனிதர் பதினைந்து வருடம் வண்டி ஓட்டுவாரா என்று பேராசிரியரை மனதுக்குள் திட்டிக்கொண்டே தகரம் வைத்து, பசை பூசி, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'இனி ஒரு துளி காற்று உள்ளே வராது.' மைத்துனன் குமார் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான்.

வீடு என்று ஆகிவிட்டால் பால் காய்ச்ச வேண்டாமா? விருதுநகரிலிருந்து மாமியாரும் குமாரும் வந்தார்கள். தெருவே கூடிவிட்டது. தனலட்சுமி கம்பெனிச் சாவியை ஒப்படைக்க விஸ்வநத்தம் போயிருந்தாள். நல்ல நேரத்துக்குள் வந்துவிடுவாள். நான் பட்டு வேட்டி கட்டி, வண்டியோடு வந்த பழைய ரப்பர் குழாயிலேயே சிலிண்டரை மாட்டி, 'கேஸ் வந்து நிற்கட்டும்' என்று ஒரு மணி நேரம் முன்பே வால்வைத் திறந்துவிட்டேன். வாடை எதுவும் தெரியவில்லை. முப்பது வருடம் அச்சு மையும் மண்ணெண்ணெயும் குடித்த மூக்கு, அதற்கு மல்லிகையும் ஒன்றுதான் மாட்டுக்கொட்டகையும் ஒன்றுதான்.

உள்ளே நான் பால்செம்போடு. வாசல்படியில் மாமியார் சூடத்தட்டும் தீப்பெட்டியுமாக. பக்கத்தில் குமார். தனலட்சுமி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தாள். வாசலுக்கு இரண்டடி முன்னால் நின்றாள். மூக்கு மட்டும் அசைந்தது.

"யம்மா. தீப்பெட்டியக் கீழ வையி."

குரல் உயரவில்லை. ஆனால் மாமியார் இளமையில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. தீப்பெட்டியைத் தரையில் வைத்தார், சேலையைத் தூக்கிச் செருகினார், எழுபது வயதில் நான் பார்த்திராத வேகத்தில் ஓடினார். தெரு பத்து நொடியில் காலி. இந்த ஊர்க்காரர்களுக்கு ஓடச் சொல்லித்தர வேண்டாம். குமாரும் குதித்தான். குதித்தவன், கார் பழக்கத்தில், கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் குதித்தான்.

"ஏலே குமாரு! ஒன்ன எவம்லே கதவச் சாத்தச் சொன்னது!" என்று அவன் அக்கா கத்தியது உள்ளே எனக்குக் கேட்டது. கதவு, என் ரப்பரின் புண்ணியத்தில், அசையவில்லை.

"நான் ஃபேனப் போடட்டுமா?" என்று உள்ளேயிருந்து உதவிகரமாகக் கேட்டேன்.

"போட்டீகன்னா அம்புட்டுத்தான்! ஒண்ணையும் தொடாதீக. பின் ஜன்னல் வழியா வாங்க!"

வந்தேன். அதாவது, பாதி வந்தேன். தலையும் தோளும் வயிற்றின் முன்னுரையும் வெளியே வந்தன; மீதி நூல் உள்ளே மாட்டிக்கொண்டது. ஐம்பதடி தள்ளி நின்ற தெரு முழுவதும் அதைப் பார்த்தது. ஒருவரும் கிட்டே வரவில்லை. வரக் கூடாது என்பதுதான் பயிற்சி.

தனலட்சுமி மட்டும் வந்தாள். வெளிப்பக்கமிருந்து சிலிண்டர் அலமாரியைத் திறந்து வால்வை மூடினாள். குனிந்து தரையைப் பார்த்தாள்.

"இங்கன வழி இருந்திருக்குமே?"

"ரெண்டு ஓட்டை இருந்துச்சு. அடைச்சிட்டேன்" என்றேன், அந்த நிலையிலும் சற்றுப் பெருமையாக.

"கேஸு காத்த விட கனம். ஒழுகுனா கீழ எறங்கி வெளிய போவட்டும்னு வச்ச வழி அது. அத அடைச்சு, கேஸ வீட்டுக்குள்ள விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீக." பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. இரும்பு எதையும் எடுக்காமல் நகத்தாலேயே பிய்த்து எறிந்தாள். ஒரு நகம் பிளந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. உதறிக்கொண்டு வெளியே வரப் பார்த்தேன்.

"அசையாதீக! நைலான் கலந்த துணி உரசுனாப் பொறி வரும். என்ன வேட்டி அது?"

"சுத்தப் பட்டு. உன் தம்பி கல்யாணத்துக்கு அவன் எடுத்துக் குடுத்தது."

ஐம்பதடிக்கு அப்பாலிருந்து குமாரின் குரல் மெல்ல வந்தது.

"யக்கா... எதுக்கும் தண்ணிய ஊத்திரு."

ஊற்றினாள். நாலு வாளி. ஜன்னலின் இடுக்கு வழியாக வேட்டி முழுக்க நனையும்வரை. நனைந்த வயிறு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பால்செம்பை மட்டும் கடைசிவரை கவிழ்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். யாரும் பாராட்டவில்லை.

லீவின் முதல் நாளிலேயே பயணம் போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் தனலட்சுமியே கேஸ் மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். குழாயில் அச்சடித்திருந்த தேதி எப்போதோ தாண்டியிருந்தது. குழாய், ரெகுலேட்டர், வாடை வந்தால் கத்துகிற கருவி எல்லாம் புதிது. ஓட்டைகள் திறந்து, எலி வராமல் வலை போட்டார்கள். கதவு ரப்பரைப் பாதியாகச் சீவி, சின்ன விரலால் தள்ளினால் திறக்கும்வரை விடவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி இணைப்புக்கு இணைப்புக் குமிழி தேடினாள். பார்த்துக்கொண்டே இருந்தேன், மூன்று வாரம் நான் திறந்து பார்த்த வண்டியை அவள் ஒரே காலையில் புரிந்துகொண்டாள்.

"இப்ப எனக்குத் திருப்தி. துணிமணிய எடுத்து வைங்க" என்றாள்.

ஒன்பது நாள், கடற்கரை ஓரமாகவே கன்னியாகுமரிவரை போய் வந்தோம். டீ நான்தான் போட்டேன், எல்லா ஜன்னலும் திறந்திருக்க.

போன மாதம் குமார் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. அந்த வரிசையிலேயே, குங்குமப் பொட்டு வைத்து, ஒரு வாளித் தண்ணீர். இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டுப் பால்காய்ச்சுக்கும் அது இருக்கிறது. "மச்சானுக்கு" என்று காரணமும் சொல்கிறார்கள். நான் பருத்தி வேட்டிதான் கட்டிப் போயிருந்தேன். மாமியார் கரையைத் தொட்டு, கசக்கிப் பார்த்துவிட்டுத்தான், "உள்ள வாங்க மாப்ளே" என்றார்.