பழைய காற்று, ஒரு பை

ஓடும் வண்டிகளை உண்டாக்கியவர்கள் உலகில் ஆயிரம் பேர் உண்டு. ஓடாத வண்டி ஒன்றைப் பழுதே இல்லாத வண்டி என்று எட்டு நாள் இடைவிடாமல் மெய்ப்பித்த பெருமை, நகரக் குடிநீர் அலுவலகத்தின் ஊர்திப் பிரிவு ஒன்றுக்கே உரியது. அந்தப் பெருமையை முதல் நாள் முதல் கடைசி நாள் வரை கண்ணாரக் கண்டவர் அந்த வண்டியின் ஓட்டுநர். கண்டும் அவர் கைதட்டவில்லை என்பது ஒன்றே இந்த வரலாற்றின் களங்கம்.

அவர் ஓட்டியது தண்ணீர் லாரி. நீளம் குறைந்த, பழைய டீசல் வண்டி. மேட்டுக் குடியிருப்புக்குப் போகும் கொண்டையூசி வளைவுகளில் அலுவலகத்தின் மற்ற லாரிகள் திரும்பா. அது ஒன்றுதான் திரும்பும். மேட்டில் முந்நூறு வீடுகள். குழாய் அங்கே ஏறவில்லை. மூன்று முறை அடிக்கல் மட்டும் ஏறியிருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி ஏறினால்தான் அங்கே அடுப்பில் பானை ஏறும். அந்த முந்நூறில் ஒன்று ஓட்டுநருடைய மகளின் வீடு. மகளுக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள்.

டேங்கிலிருந்து இன்ஜினுக்கு வரும் டீசல் குழாய் துருப்பிடித்து ஒழுகியதால் வண்டி அலுவலகப் பட்டறைக்கு வந்தது. பட்டறை மெக்கானிக் முப்பது வயதைத் தாண்டிய பெண். பேச்சு குறைவு, கை வேகம். ஒரே காலையில் குழாயை மாற்றினார், ஃபில்டரைப் புதிதாகப் போட்டார், கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, குழாயைக் கழட்டினதுல உள்ள காத்து பூந்திருக்கும். டீசல் போற வழியில காத்து நின்னா இன்ஜின் பிடிக்காது. ஃபில்டர் மேல இருக்கிற திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிச்சு, ஏர் எடுத்துட்டா கிளம்பிடலாம். பத்து நிமிஷம்."

பத்து நிமிட வேலையைப் பத்து நிமிடத்தில் முடிப்பது பண்பாடில்லாத பட்டறைகளின் பழக்கம். அந்த இழுக்கு நேராமல் தடுக்கவே, சரியாக அந்த நொடியில், பண்டகக் காப்பாளர் முத்திரைக் குறடோடு வந்து சேர்ந்தார்.

முத்திரையின் வரலாறு பெருமை மிக்கது. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் அலுவலக டீசலைத் திருடினார். அவர் பிடிபடவில்லை. ஆகவே அவருக்குப் பின் வந்த அனைவரும் பிடிபட்டவர்களாகவே கருதப்பட்டு, பழுதுபார்த்த திருகு ஒவ்வொன்றுக்கும் கம்பி கட்டி ஈய முத்திரை குத்துவது என்று விதி பிறந்தது. அனுமதியின்றி முத்திரையை அறுத்தவர் வேலையையும் சேர்த்தே அறுத்துக்கொண்டார்.

"சார், இன்னும் ஏர் எடுக்கல," என்றார் மெக்கானிக்.

"எனக்கு மத்தியானம் லீவு," என்றார் காப்பாளர். குறடு 'டக்'கென்றது. ஃபில்டர் திருகு, கைப்பம்பு, குழாய் முனை, மூன்றும் ஈயம் பூண்டன. 'பழுது நீக்கப்பட்டது, ஓடத்தக்கது' என்ற சான்றிதழும் பின்னாலேயே வந்தது. அதில் தலைமை அலுவலரின் கையெழுத்து வண்டியைவிட நீளமாக ஓடியது.

ஓட்டுநர் சாவியைத் திருகினார். செல்ஃப் அடித்தது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் பிடிக்கவில்லை.

ஓட்டுநர் போய்ச் சொன்னபோது தலைமை அலுவலர் பதறவில்லை. பெரியவர்கள் பதறுவதில்லை, மற்றவர்களைப் பதறவைப்பதோடு சரி.

"என்னய்யா சொல்றீங்க? வண்டி ஓடும்னு சான்றிதழ் இருக்குல்ல?"

"இருக்குங்க. வண்டிதான் ஓடல."

"அப்ப சான்றிதழ் பொய்ங்கிறீங்களா?"

"ஐயையோ, இல்லிங்க."

"அப்ப வண்டி ஓடுது. உங்களுக்குத்தான் ஓட்ட வரல."

இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த வளைவுகளில் வண்டியேற்றிய மனிதர் அன்று ஓட்டுநர் தகுதித் தேர்வுக்கு அனுப்பப்பட்டார். கண் பார்த்தார்கள். காது பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எது, பச்சை விளக்கு எது என்று கேட்டார்கள். எல்லாவற்றிலும் தேறி மூன்றாம் நாள் திரும்பினார். அப்போதும் வண்டி கிளம்பவில்லை. குறைந்தபட்சம் ஐயம் ஒன்று நீங்கியது.

அன்று மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, நாளைக்காவது வண்டி வருமா? அரை வாளித் தண்ணி இருக்கு. பிள்ளையைத் துணி நனைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன்."

"வந்துரும்மா. ஒரு பத்து நிமிஷ வேலைதான் பாக்கி."

நான்காம் நாள் பேட்டரியை மாற்றினார்கள். பழைய பேட்டரியில் குறை இருந்தது என்பதற்காக அல்ல. புதிய பேட்டரி ஒன்று இருப்பில் இருந்தது என்பதற்காக. ஐந்தாம் நாள், அறிவியல் வந்தது. மடிக்கணினியோடு ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். வண்டியில் கணினியைச் செருகும் துளையை அவர் முன்பக்கம் தேடினார், பின்பக்கம் தேடினார், அடியில் பாய் விரித்துப் படுத்தும் தேடினார். அந்த வயது லாரிக்கு அப்படி ஒரு துளையே கிடையாது.

"சார், திருகைத் தளர்த்தினா போதும்," என்றார் மெக்கானிக்.

"அது பழைய முறைம்மா. இப்ப எல்லாம் டேட்டா பேசணும்," என்றார் ஆலோசகர். டேட்டா பேசவில்லை. 'வண்டி தகவல் பரிமாற்றத்துக்கு ஒத்துழைக்க மறுக்கிறது' என்று நாற்பது பக்க அறிக்கை தந்துவிட்டுப் போனார். வண்டியின் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க விதியில் இடமுண்டா என்று ஒரு கோப்பு திறக்கப்பட்டது.

ஏழாம் நாள் மகளின் குரல் மெலிந்திருந்தது.

"அக்கம்பக்கத்துல யாருக்குமே இல்லப்பா. யார்கிட்ட கேக்கிறது? இன்னிக்கு நானே கீழ இறங்கி ரெண்டு குடம் தூக்கிட்டு ஏறினேன். தையல் போட்ட இடம் பிரிஞ்ச மாதிரி வலிக்குது. அது ஒண்ணும் இல்ல, நீ பயந்துக்காத."

எதிரே வண்டி நின்றது. அதன் வயிற்றில் ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீருக்கும் மகளுக்கும் நடுவே, மொச்சைக் கொட்டை அளவில், மூன்று ஈயத் துண்டுகள் நின்றன. ஓட்டுநர் பட்டறை மேசையில் கிடந்த குறடை எடுத்தார். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். மருமகனுக்கு நிலையான வேலை கிடையாது. குறடை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

எட்டாம் நாள் கூட்டம் கூடியது. தலைமை அலுவலர் நடுவில், காப்பாளர் வலப்பக்கம், மெக்கானிக்கும் ஓட்டுநரும், விளக்கம் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது ஆதலால், நின்றபடி.

"உள்ள காத்து அடைச்சிருக்குங்க. முத்திரையை அறுத்து அதை எடுத்தா வண்டி கிளம்பும்," என்றார் ஓட்டுநர்.

காப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். "வண்டிக்கு வழங்கின பொருள் பட்டியல்ல குழாய் ஒண்ணு, ஃபில்டர் ஒண்ணு இருக்கு. காத்து இல்லையே."

"அது தானா வந்ததுங்க."

"அனுமதி இல்லாமலா?"

"காத்துக்கு யாருங்க அனுமதி குடுக்கிறது?"

தலைமை அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிந்திக்கிறார் என்று பொருள். "சரி. மக்கள் நலன் முக்கியம். எடுக்கலாம். விதியில என்ன இருக்கு?"

"வண்டியிலேருந்து கழட்டுற பழைய பொருள் எதுவா இருந்தாலும் பண்டகத்துல ஒப்படைக்கணும் சார். ஒப்படைச்ச ரசீதை இணைச்சாத்தான் முத்திரையை அறுக்கிற விண்ணப்பத்தையே நான் வாங்க முடியும்."

"சார்," என்றார் மெக்கானிக், "முத்திரையை அறுத்தாத்தான் காத்து வெளிய வரும். வெளிய வந்தாத்தான் ஒப்படைக்க முடியும்."

"அது உங்க பாடும்மா. எனக்கு ரசீது வேணும்."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க," என்று வெளியே போனார்.

புதிய ஃபில்டர் சுற்றி வந்த பிளாஸ்டிக் பை பட்டறை மூலையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் மறைந்தார். மூச்சை இழுத்தார், எட்டு நாளாக யாரையும் திட்டாமல் சேர்த்துவைத்த மூச்சு முழுவதையும் பைக்குள் ஊதினார். வாயை நூலால் இறுகக் கட்டி, கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பை பூசணிக்காய் போல் உட்கார்ந்தது.

"இந்தாங்க. வண்டிக் காத்து."

மெக்கானிக் சுவரில் தொங்கிய தீயணைப்பு விதிகளைக் கூர்ந்து படிக்கத் தொடங்கினார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. காப்பாளர் பையை அழுத்திப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முழு மனநிறைவோடு எழுதினார்: 'பழைய காற்று, ஒரு பை. நிலை: பயன்படுத்தப்பட்டது.' ரசீது கிழிந்தது. விண்ணப்பம் ஏறியது. கையெழுத்து ஓடியது. முத்திரை அறுந்தது.

மெக்கானிக் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். முதலில் வெறும் 'புஸ்'. பிறகு நுரை. நுரை மெல்ல அடங்கி, தெளிந்த டீசல் கசிந்தது. திருகை இறுக்கினார். "அடிங்கண்ணே."

செல்ஃப் இரண்டு முறை முனகியது. மூன்றாம் முறை இன்ஜின் இருமி, உறுமி, வெண்புகை கக்கி, சீராக ஓடியது. மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம்.

மேட்டில் வரிசை வளைவைத் தாண்டி நீண்டிருந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஓட்டுநர் முதல் குடத்தைத் தாமே பிடித்து, தாமே சுமந்துபோய் உள்ளே வைத்தார்.

"என்னப்பா பழுது?" என்று கேட்டாள்.

"உள்ள வெறும் காத்தும்மா."

"அதுக்கா எட்டு நாள்?"

ஓட்டுநர் குடத்தை மூடிவிட்டு அடுத்த வீட்டுக் குடத்தைப் பிடிக்கப் போனார்.

ஊர்திப் பிரிவுக்கு அவ்வாண்டின் 'விரைந்த சேவை' பாராட்டிதழ் வழங்கப்பட்டது. தகுதி பார்த்துத்தான் வழங்கினார்கள்: பேட்டரி மாற்றப்பட்டிருந்தது, ஓட்டுநர் தேறியிருந்தார், நாற்பது பக்க அறிக்கை இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பண்டகத்தில் இருப்புச் சோதனை நடந்தது. பொருள் எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. மூன்றாம் அலமாரியில் பை சுருங்கிக் கிடந்தது. நூல் அவிழவில்லை, முடிச்சு கலையவில்லை, உள்ளே காற்று இல்லை. அலுவலகமே அதிர்ந்தது. ஒரே நாளில் மூவர் குழு அமைந்தது. ஒரே வாரத்தில் விசாரணை முடிந்தது. அலுவலகத்துக்கு உரிய பழைய காற்று ஒரு பை குறைந்ததற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தருமாறு ஓட்டுநருக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. அவர் வேலை போகுமா நிலைக்குமா என்பது அந்த விளக்கத்தைப் பொறுத்தது.

ஒரு பைக் காற்று எங்கே போயிற்று என்று கேட்க அந்த அலுவலகத்தில் படிவம் இருக்கிறது. முந்நூறு வீட்டின் எட்டு நாள் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்கும் படிவத்தை மட்டும், பாவம், இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.