ஹெட்செட்டும் துவைக்காத சட்டையும்

நம் காதை மூடிக்கொண்டால் நாம் பேசுவது மற்றவர்களுக்கும் கேட்காது என்று முழுமனதாக நம்பியவள் நான். சின்ன வயதில் அல்ல, கல்யாணமான பிறகு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால் வந்த வினை என்று என் மகள் சொல்வாள். எட்டாம் வகுப்பில் அதைச் சொல்லித் தருகிறார்களா என்று கேட்டேன்.

நான் பெரிய கவலைக்காரி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், சிலிண்டரை மூடினேனா என்று திரும்பி வருவேன். (மூடித்தான் இருக்கும். நான் மூடிய ஞாபகமே இல்லையே, அப்படியென்றால் யார் மூடியது என்று அடுத்த கவலை ஆரம்பிக்கும்.)

கல்யாணமாகி ஐந்தாவது மாதம் என் வீட்டுக்காரர் துபாய்க்கு ஃபிட்டர் வேலைக்குப் போய்விட்டார். கோவில்பட்டி வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஹாலில் இருக்கும் போன் அடிக்கும். முதலில் அத்தை பேசுவார். அடுத்து பக்கத்து வீட்டு ராஜம்மாக்கா, தன் தம்பிக்கு அங்கே வேலை இருக்கிறதா என்று விசாரிப்பார். கடைசியில் ரிசீவர் என் கைக்கு வரும். இரண்டு பேரும் நகராமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். இரண்டு வருசம் நாங்கள் பேசியதை எழுதி வைத்திருந்தால், யாரோ இரண்டு ஓட்டல்காரர்கள் பேசிக்கொண்டது என்று நினைப்பீர்கள்.

ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். லீவு இல்லாமல் அப்படியே இன்னும் இரண்டு வருசம் இருப்பதற்குக் கையெழுத்துக் கேட்டு கம்பெனியில் தாள் கொடுத்துவிட்டார்கள். "என்ன செய்யட்டும்?" என்று போனில் கேட்டார். அத்தை பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு மாடி எடுக்கவேண்டும் என்ற பேச்சு வேறு ஓடிக்கொண்டிருந்தது. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். (அன்றைக்கு வெங்காயம் போடுகிற எதையும் நான் சமைக்கவில்லை.)

அந்த 'உங்க இஷ்டம்' அவருக்கு எப்படிக் கேட்டதோ, இரண்டு வாரத்தில் லீவில் வந்த ஒரு கடம்பூர்க்காரர் பெரிய அட்டைப் பெட்டியோடு வாசலில் நின்றார். உள்ளே ஒரு வீடியோ கேம் பெட்டி. கூட இருந்தவர்கள் புதிது வாங்கியதால் பழசு இவருக்குக் கிடைத்ததாம். காதிரண்டையும் மூடும் ஹெட்செட் ஒன்று, வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் மைக்கோடு. ஒரு கடிதம்.

"இதில் விளையாட வேண்டாம். ராஜம்மாக்கா வீட்டில் பிராட்பேண்ட் போட்டதுபோல நம் வீட்டிலும் போடச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொள். நான் பேசுவது உன் காதுக்கு மட்டும் கேட்கும். நீ என்ன நினைக்கிறாய் என்று அப்போது சொல். சனிக்கிழமை கையெழுத்து." அதற்குக் கீழே எந்த வயர் எதில் போகும் என்று படம்.

அந்தத் தாளை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. காற்றில் பறந்துவிடுமோ, எலி கடித்துவிடுமோ, அத்தை அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிடுவாரோ என்று கவலை. டிவிக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிட்டேன். அதுவும் எதைக் கொண்டு? அத்தை தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதற்காக, மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சி வைத்திருந்த பசையால். எங்கள் ஊர்க்காரர்கள் ஒட்டினால் ஒட்டியதுதான். தாளுக்குப் பின்பக்கமும் எழுத்து இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிராட்பேண்டும் வந்தது, அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. இந்த வாரம் போன் வராது என்று சொல்லிவைத்திருந்ததால், அத்தையும் ராஜம்மாக்காவும் தெருவில் வேப்பமர நிழலில் லேபிள் ஒட்ட உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஹால் கதவைச் சாத்தினேன். தலையில் கரண்டு வயரை மாட்டப் போகிறோமே என்று ஹேர்பின்னை எல்லாம் உருவினேன். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அடித்துக் கேட்டாலும் மழை பெய்யாத ஊரில், இடி விழுமா என்று ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஹெட்செட் வயரைக் கொண்டுபோய் டிவியில் செருகினேன். துபாய்க்குப் பதிலாக வயலும் விவசாயமும் பற்றி ஒருவர் பேசினார். பருத்திச் செடியில் மாவுப்பூச்சி என்றார். கொஞ்ச நேரம் கேட்டும்விட்டேன்.

மறுபடி படத்தைப் பார்த்தேன். வயர் டிவியில் இல்லை, கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் ஓட்டையில் போகவேண்டும். செருகினேன். கேம் பெட்டியைப் போட்டதும் திரையில் அவர் பெயர் வந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

"செல்வி?"

இரண்டு காதுக்குள்ளும் அவர் குரல். பின்னால் யாரும் இல்லை, முன்னால் யாரும் இல்லை.

"பேசுதேங்க" என்றேன்.

"செல்வி, இருக்கியா? சத்தம் வரலியே."

"இருக்கேன், இருக்கேன்."

"ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசேன்."

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருசம் நான் நூல் மில்லில் வேலை பார்த்தவள். உள்ளே நுழைந்ததும் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வோம். அப்புறம் பத்து மிசினுக்கு அப்பால் நிற்கிறவளிடம் ஊர்க்கதை பேசுவோம். காது அடைத்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும், அது பழக்கம். ஹெட்செட்டை மாட்டியதும் என் காது மில்லுக்குள் போய்விட்டது. தொண்டையும் பின்னாலேயே போனது.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றேன்.

"கேக்கலம்மா. இன்னும் சத்தமா."

"கையெழுத்துப் போடாதீங்க! இன்னும் ரெண்டு வருசம் என்னால ஏலாது! எனக்கு மாடி வேண்டாம்! அத்தைக்காகத்தான் உங்க இஷ்டம்னு சொன்னேன், அவியகிட்ட சொல்லிராதீங்க!"

"செல்வி, உன் வாய் பக்கத்துல மைக் இருக்கா?"

"இருக்கு! நீங்க போற அன்னைக்குக் கழட்டிப் போட்ட நீலச் சட்டைய இன்னும் துவைக்காம டிரங்குப் பெட்டியில வச்சிருக்கேன்! தினம் எடுத்து மோந்து பாக்குதேன்! அத்தை வைக்கிற புளிக்குழம்புல உப்பு கூட! நீங்க வந்துருங்க!"

"ஒண்ணுமே கேக்கல" என்றார் அவர், பாவம்போல.

திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. பசை ஒட்டிய விரல்களை விரித்துக்கொண்டு அத்தை நின்றார். அவருக்குப் பின்னால் ராஜம்மாக்கா. வாசலில் ஒரு சைக்கிள்காரர், ஒரு காலைத் தரையில் ஊன்றி, நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். அத்தை இன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போகச் சொல்வாரா, நாளைக்கா, பஸ்ஸா, ரயிலா என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஹால் போன் அடித்தது. அத்தை புறங்கையால் ரிசீவரைத் தூக்கித் தோளில் இடுக்கிக்கொண்டார்.

"என்னலே முருகேசா? ... அவ பேசினது கேக்கலியா? உனக்கு ஒருத்தனுக்குத்தாம்ல கேக்கல. நான் சொல்லுதேன், கேட்டுக்கோ."

ஒன்றுவிடாமல் சொன்னார். கையெழுத்து, மாடி, நீலச் சட்டை, மோந்து பார்ப்பது வரைக்கும். புளிக்குழம்பு வந்தபோது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையும் சொன்னார். பிறகு ரிசீவரை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"மாடி எனக்கா கேட்டேன்? எனக்குப் படியேற முழங்கால் எங்கலே இருக்கு? நீங்க ரெண்டு பேரும் இருக்கத்தான் மாடி. நீ அங்கன இருந்துக்கிட்டு இங்கன மாடி கட்டினா, அவ அந்தச் சட்டையோடயா குடித்தனம் பண்ணுவா? பேசாம வந்து சேரு."

ரிசீவரை என் பக்கம் நீட்டினார். அதில் பசை அப்பியிருந்தது. நான் வாங்கியதும், ராஜம்மாக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய், கதவை அவரே சாத்திவிட்டார். இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அந்த ஹாலில் நான் தனியாக நின்றேன். பேசுவதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தாரா அழுதாரா என்று அந்தப் போனில் தெரியவில்லை. "வயர்ல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளினாத்தான் மைக் வேலை செய்யும். கடுதாசிக்குப் பின்பக்கம் எழுதியிருந்தேனே" என்றார்.

சனிக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. ஒரு மாதத்தில் வந்துவிட்டார். அவர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது ராஜம்மாக்கா கேட்ட முதல் கேள்வி, "செல்வி, இனி அந்தச் சட்டையத் துவைச்சிரலாம்லா?" இன்றைக்கும் எங்கள் தெருவில் யார் ரகசியம் பேச ஆரம்பித்தாலும், "இரு, ஹெட்செட் மாட்டிக்கிடுதேன்" என்பார்கள். குழம்பில் மட்டும் அத்தை அன்றிலிருந்து உப்பே போடுவதில்லை. உப்புக் கிண்ணத்தை என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர், டிவிக்குப் பின்னால் இருக்கும் தாளைச் சுரண்டட்டுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்.

"பின்பக்கம் அந்த சுவிட்ச் சமாச்சாரம் மட்டுந்தான் இருக்கா?" என்று கேட்டேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது.

"வேற கொஞ்சமும் எழுதியிருந்தேன்."

"என்னது?"

"சத்தமாச் சொல்லவா, மெதுவாச் சொல்லவா?"

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மெதுவாவே சொல்லுல. தெருவுக்கு அவ ஒருத்தி சொன்னது போதும்."