மூன்று மாதச் சம்பளமும் ஒரு முதலாளி மாப்பிள்ளையும்

பெண்ணைப் பெற்றவர்களுக்கு 'பர்மனென்ட்' என்ற சொல்லின் மேல் இருக்கும் பக்தி கோயில் மூலவர் மேல்கூட இருக்காது. எனக்கு மாமனாராக வரவிருந்த தணிகாசலம், அஸ்தினாபுரத்துக்காரர். தொழிற்சாலையில் வேலை பார்த்து, தொழிற்சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், வேலை பர்மனென்ட்தானா என்று.

"ஆமா மாமா, பி.எஃப். கூட பிடிக்கறாங்க" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் ஓர் ஆன்லைன் கோச்சிங் கம்பெனியில் வீடியோ எடிட்டர் நான். கழுத்தில் அடையாள அட்டை, காலையில் விரல் வைத்து அட்டெண்டன்ஸ், மாதாமாதம் பத்து சதவீதப் பிடித்தம். (எதைப் பிடித்தாலும் அது பி.எஃப்.தான் என்பது அன்றைய என் நிதி ஞானம்.)

நிச்சயதார்த்தம் முடிந்த நேரமோ என்னவோ, மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வழியில்லை என்று, எனக்கு நிச்சயமான கவிதாவிடம் புலம்பினேன். அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை சிட்லபாக்கத்தில் என் வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையோடு மாமனார் நின்றார்.

"கெளம்புங்க மாப்ள. நான் வந்து பேசறேன்."

அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஹெப்சிபா மேடம் என்று ஒருவர் இருந்தார். பணம் கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு, ஆனால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். அந்தத் திறமையைத் தூரத்தில் இருந்து பார்த்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். அவருக்கு எதிரில் போய் நின்றார் மாமனார்.

"தொழிலாளி வவுத்துல அடிச்சா கம்பெனி வெளங்குமாம்மா?"

"உக்காருங்க ஐயா. காபி சாப்பிடறீங்களா?" என்றார் மேடம், முகம் மாறாமல். "ஆனா சார் இங்க தொழிலாளி இல்லையே."

"பின்ன, ஆபீசரா?"

"அதுவும் இல்ல. அவர் தனியா தொழில் பண்றவர். கம்பெனி அவரோட கஸ்டமர். மாசா மாசம் அவர் பில் குடுக்கறார், நாங்க டி.டி.எஸ். பிடிச்சுட்டு மிச்சத்தைக் குடுக்கறோம்."

"மேடம், அது பி.எஃப். இல்லையா?" என்றேன் நான்.

"வருமான வரி சார். ரிட்டர்ன் போட்டா திரும்பக்கூட வரும். போட்டீங்களா?"

மாதாமாதம் அவர் நீட்டிய பில்லைச் சம்பளச் சீட்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். என் கல்யாணத்துக்கே லீவு தரச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவன். கல்யாணம் நின்றது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மாமனார் மெல்லத் திரும்பினார். "மாப்ள, அப்ப நீங்க முதலாளியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அப்படியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் கை தானாக உயர்ந்தது. "முதலாளித்துவம்..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "நீங்க கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க மாப்ள."

ஹெப்சிபா மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, செக்ல கையெழுத்து போடற எம்.டி. ஊர்லயே இல்ல. நானும் கான்ட்ராக்ட்தான். எனக்கு அஞ்சு மாசமா வரல."

ஐந்து மாதம்! அந்த ஐந்து மாதமும் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, சிரித்துக்கொண்டே 'அடுத்த வாரம் சார்' என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். நானாக இருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன். அந்த நிமிஷம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"அப்ப ரெண்டு முதலாளி" என்றபடி மாமனார் எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும் வேலைய நிறுத்துனா இங்க இன்னா நிக்கும்?"

மேடம் யோசித்தார். "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நிக்கும்."

"பரீட்சை வீடியோ நிக்கும்" என்றேன் நான்.

"துட்டு தராத கஸ்டமருக்குச் சரக்கு எதுக்கு? வூட்டுக்குக் கெளம்புங்க."

"லீவு லெட்டர் குடுக்கணுமே மாமா!"

(ஆமாம், சொன்னேன். அந்த வாய் இதே வாய்தான்.)

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கியதும் மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எவ்ளோ முதலாளிங்களோட மோதியிருக்கேன். லீவுக்கு இப்டி நடுங்கற முதலாளிய பாத்ததே இல்ல. எம்பொண்ணு நல்லா இருப்பா. மண்டபத்துக்கு நான் கட்டறேன், அப்புறமா குடுங்க."

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடக் கடைசி தேதி நெருங்க நெருங்க, ஊரில் இல்லாத எம்.டி. ஊருக்கு வந்தார். மேடத்துக்கு முதலில், எனக்கு அடுத்து, பணமும் வந்தது.

இன்றைக்கும் ஒவ்வொரு மே தினத்திலும் மாமனார் தெருமுனையில் கொடியேற்றி எல்லோருக்கும் இனிப்பு கொடுப்பார். என்னிடம் வரும்போது மட்டும் தட்டு பின்னால் போகும். "முதலாளிங்களுக்குக் கெடையாது." தெருவே சிரிக்கும். போன வருஷம் அதைப் பார்த்த என் மகள், எனக்குத் தினமும் தண்ணீர் எடுத்துத் தருவதற்குக் கூலி பாக்கி என்று தாத்தா பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கோஷம் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.